கொடிக்கயிறு கட்ட இரண்டு முடிச்சுகள்

மொட்டை மாடியில் கட்டிய துணிக்கொடி ஒரே வாரத்தில் தொங்கிப் போனால் கடைக்காரர் கொடுத்த கயிற்றைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை முனைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவைத்த முடிச்சுகளில்தான் இருக்கிறது. முடிச்சுகளைக் கற்க விரும்புவோர் இருபது வகைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு கொடியை ஒழுங்காகக் கட்டிப் பழகுவது நல்லது.

6 மி.மீ. நைலான் கயிறு போதும்; வெட்டிய நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிட்டால் புரி பிரியாது. தேங்காய் நார்க் கயிறு முடிச்சை நன்றாகப் பற்றும் என்றாலும், வெள்ளைச் சட்டையை அதில் காயப்போட யாருக்கும் மனம் வராது.

முதல் முனைக்குப் படகோட்டிகளின் பவுலைன் முடிச்சு ஏற்றது. எவ்வளவு இழுத்தாலும் அதன் வளையம் சுருங்காது, பாரம் நீங்கியபின் எளிதில் அவிழும். நுனியிலிருந்து இரண்டு முழம் தள்ளி, நுனிப் பக்கத்துக் கயிறு நீள்கயிற்றின் (கொடியாக ஓடும் நீண்ட பகுதியின்) மேலே படியும்படி ஒரு சிறு கண்ணி இடவும். நுனியைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கண்ணிக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, நீள்கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, மறுபடியும் அதே கண்ணிக்குள் கீழே இறக்கி இறுக்கவும். கண்ணியைத் தலைகீழாக இட்டால் முடிச்சே விழாது; தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். நைலான் வழுக்கும் என்பதால் நுனி ஒரு சாணாவது மிஞ்சி நிற்க வேண்டும்.

மறுமுனைக்கு லாரியில் சரக்கை இறுக்கும் உத்தி உதவும். கம்பத்திற்கு ஒரு முழம் முன்னதாகக் கயிற்றை இரண்டாக மடித்து, அந்த மடிப்பையே சாதாரண முடிச்சாகப் போட்டால் நிலையான வளையம் ஒன்று கிடைக்கும். நுனியைக் கம்பத்தைச் சுற்றி அவ்வளையத்துக்குள் நுழைத்துக் கம்பத்தை நோக்கி இழுத்தால், கப்பியில் இழுப்பதுபோல் கை பலம் பெருகுவதை உணரலாம். இழுத்த நிலையில் வளையத்தருகே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியால் கயிற்றை ஒருமுறை சுற்றி அந்தச் சுற்றுக்குள்ளேயே செருகி இழுக்கும் அரைமுடிச்சுகள் இரண்டு போடவும். நனைந்த நைலான் சற்று நீளும். ஆகவே இரண்டொரு நாள் கழித்து அரைமுடிச்சுகளை மட்டும் அவிழ்த்து மீண்டும் இறுக்கினால் போதும்.

ஆனால் வீணைத் தந்திபோல் முறுக்கேற்ற வேண்டாம். 5 மீட்டர் கொடியின் நடுவில் 10 கிலோ ஈரத்துணி தொங்கி, கொடி 10 செ.மீ. மட்டுமே தாழ்ந்தால், கயிற்றிலும் கொக்கியிலும் விழும் இழுவிசை ஏறத்தாழ 125 கிலோ எடைக்குச் சமம், 25 செ.மீ. தாழவிட்டால் அது 50 கிலோவாகக் குறையும். சுவரில் அடித்த கொக்கி பெயர்ந்து வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கை மறப்பதால்தான். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் வலிமை கணிசமாகக் குறையும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆள் அமரும் ஊஞ்சலுக்கு இந்தக் கயிற்றைப் பயன்படுத்தக் கூடாது.