பிரிட்டனில் ஆட்குறைப்புக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் வேலை பார்ப்போருக்கானது இது. வட அயர்லாந்தின் விதிகள் வேறு. உங்கள் பதவி ஆட்குறைப்புக்கு உள்ளாகலாம் என்று வரும் முதல் கடிதம் வேலைநீக்க உத்தரவல்ல. அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 1: காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆட்குறைப்பில் போவது பதவி, ஆள் அல்ல. தொழிலையோ கிளையையோ மூடுவதும், அந்த வேலைக்கு ஆள் தேவை குறைவதுமே 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் ஏற்கும் காரணங்கள். அதே வேலைக்கு விளம்பரம் வந்தால் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படி 2: முடிவெடுக்கும் முன்பே உங்களுடன் பேசினார்களா? ஒரே பணியிடத்தில் 90 நாட்களுக்குள் 20 முதல் 99 பேரை நீக்குவதானால், முதல் நீக்கத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் கலந்தாலோசனை தொடங்க வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ போனால் 45 நாட்கள். 20 பேருக்குக் கீழே நாள்கணக்கு இல்லை, ஆனால் தனித்தனியாகப் பேசியாக வேண்டும்.

படி 3: யாரைக் குறைப்பது என்று முடிவுசெய்ய உங்களுக்குப் போட்ட மதிப்பெண் தாளை வாங்குங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான். கணக்குப் பிரிவில் நால்வரில் ஒருவரைக் குறைக்கிறார்கள், உங்கள் தாளில் 'அணுகுமுறை: 10க்கு 4' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பதிவை வைத்து 4? யார் போட்டது? கடைசி ஆண்டு மதிப்பீட்டில் பாராட்டு இருந்தால் அதை எதிரே வையுங்கள். விடுப்புக்கு மதிப்பெண் குறைத்திருந்தால், கர்ப்பகால விடுப்பையோ ஊனம் சார்ந்த விடுப்பையோ அதில் சேர்த்தார்களா என்று பாருங்கள்.

படி 4: நிறுவனத்தின் காலியிடப் பட்டியலைக் கேளுங்கள். மாற்று வேலையை 4 வாரம் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம். பொருத்தமான வேலையைக் காரணமின்றி மறுத்தால் ஆட்குறைப்புப் பணம் போய்விடும்.

படி 5: ஆட்குறைப்புப் பணம். 2 ஆண்டு சேவை முடிந்திருக்க வேண்டும். 22 வயதுக்குக் கீழ் வேலை பார்த்த ஆண்டுக்கு அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41 முதல் ஒன்றரை வாரம். 45 வயது, 10 ஆண்டு சேவை என்றால் 4 × 1.5, 6 × 1: மொத்தம் 12 வாரம். வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, ஏப்ரல்தோறும் மாறும். நோட்டீஸ் காலச் சம்பளம் இதில் சேராது, அது தனி.

படி 6: நிர்வாகத்திடமே மேல்முறையீடு செய்யுங்கள், ஆனால் நாளை எண்ணிக்கொண்டே. அதன் முடிவுக்காகத் தீர்ப்பாயக் கெடு காத்திருக்காது. வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்றே கணக்கு வைத்து, அதற்குள் ஏகாஸ் (Acas) என்ற வேலைத் தகராறு சமரச அமைப்பிடம் பதியுங்கள். அந்தச் சமரசக் கட்டத்தைத் தாண்டித்தான் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும்.

அங்கே நிர்வாகம், 'முறைப்படி பேசியிருந்தாலும் இவர் போயிருப்பார்' என்று சொல்லும். 1987இல் போல்கி வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அந்த வாதம் பணிநீக்கத்தை நியாயமாக்காது, ஆனால் தீர்ப்பாயம் தரும் இழப்பீட்டைக் குறைக்கலாம் என்றது. பேசியிருந்தால் எது மாறியிருக்கும் என்பதைக் காட்ட, படி 3, 4இல் வாங்கிய தாள்கள்தான் கைகொடுக்கும்.