சபைக்குப் பெயர் வைக்கும் முன் வேதத்தில் பார்க்கவேண்டியவை

புதிதாக ஒரு சபை ஆரம்பிக்கப்படும்போதும், பல காலமாகக் கூடிவரும் சபை தன் பெயரை மாற்ற நினைக்கும்போதும், புதிய ஏற்பாடு சபையை எந்தெந்த விதமாக அழைக்கிறது என்பதை மூப்பர்கள் வசன எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்ல தொடக்கம். கொரிந்துவில் இருந்தவர்களைப் பவுல் ‘தேவனுடைய சபை’ என்கிறார் (1 கொரி. 1:2). ரோமருக்கு ‘கிறிஸ்துவின் சபையார்’ வாழ்த்து அனுப்புகிறார்கள் (16:16). ‘தெசலோனிக்கேயர் சபை’ ஊராரைக்கொண்டு குறிக்கப்படுகிறது, ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடிய சபைக்கு அந்த வீடே அடையாளமாக இருக்கிறது (1 கொரி. 16:19).

இவற்றை வரிசையாக வாசித்தால், எல்லாச் சபைகளுக்கும் உரிய ஒரே பெயர் என்று வேதம் எதையும் கட்டளையிடவில்லை என்பது விளங்கும். ஆகவே, தன் பெயர்ப்பலகையில் உள்ள பெயர் மட்டுமே வேதப்பூர்வமானது என்று ஒரு சபை சொல்லுமானால், அது எழுதப்பட்டதற்கு மிஞ்சிப் பேசுகிறது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் எந்தப் பெயரையும் வைக்கலாம் என்று இதற்குப் பொருளல்ல. மேற்கண்ட அழைப்புகள் பெரும்பாலும் சபை யாருடையது, எங்கே இருக்கிறது என்ற இரண்டையே சொல்கின்றன.

அடுத்து, முன்மொழியப்பட்ட பெயரில் ஒரு மனிதர் முன்னிறுத்தப்படுகிறாரா என்று பாருங்கள். ‘நான் பவுலைச் சேர்ந்தவன்’, ‘நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று பிரிந்து நின்ற கொரிந்து சபையாரிடம் (1 கொரி. 1:12-13), ‘பவுலின் நாமத்தினாலேயா ஞானஸ்நானம் பெற்றீர்கள்?’ என்று அப்போஸ்தலனே கேட்கிறார். சபையை நிறுவிய போதகரின் பெயரையோ அவருடைய ஊழியத்தின் பெயரையோ சபைக்குச் சூட்டுவதை இந்தக் கேள்வியின் முன் வைத்துச் சோதிக்க வேண்டும். அதே பகுதியில் ‘நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்’ என்பதும் கட்சிப் பேச்சுகளோடு சேர்த்தே சொல்லப்பட்டிருப்பதை மறக்கக் கூடாது. சரியான பெயரைக்கூடப் பிரிவினைக்குப் பயன்படுத்த முடியும். ஞானஸ்நானம், பெந்தெகொஸ்தே போன்ற உபதேச அடையாளங்கள் புதிதாக வருபவருக்கு உதவும் என்பதால் அவற்றை அடைமொழியாகச் சிறிய எழுத்தில் இடலாம்.

இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. 1804 ஜூன் 28 அன்று கென்டக்கியில் போதகர் பார்ட்டன் ஸ்டோனும் உடன் ஊழியர்களும் தங்கள் ஸ்பிரிங்ஃபீல்ட் மூப்பர் சங்கத்தை (சபைகளை மேற்பார்வையிடும் குழுவை) ஓர் உயில் எழுதுவதுபோல் எழுதிக் கலைத்து, தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று மட்டும் அழைத்தார்கள், அந்தியோகியாவில் சீஷர்களுக்கு வழங்கிய பெயர் அது (அப். 11:26). இதேபோன்ற இன்னொரு சீர்திருத்த இயக்கத்தை நடத்திய அலெக்சாண்டர் காம்ப்பெல் ‘சீஷர்கள்’ என்ற பெயரையே விரும்பினார். இரு சாராரும் 1832-இல் இணைந்தபோது எந்தப் பெயரும் கைவிடப்படவில்லை. பெயரில் உடன்படாதவர்களும் ஒரே பந்தியில் அமர முடிந்தது என்பதை, பெயருக்காகப் பிரியத் துணியும் சபைகள் கவனிக்க வேண்டும்.

முடிவெடுத்த பின் ‘தேவனுடைய சபை’, ‘கிறிஸ்துவின் சபை’ போன்ற ஒன்றோடு ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவு செய்வதாக இருந்தால், ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரோடு ஒத்துப்போகும் பெயர் ஏற்கப்படாது என்பதால், ஊர்ப்பெயர் அங்கேயும் கைகொடுக்கும். பெயர்ப்பலகை எழுதக் கொடுக்குமுன் சபையார் அனைவரையும் கூட்டி, எழுதிய தாளிலுள்ள வசனங்களை வாசித்துக் காட்டி, அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.