வெயிலில் ஏற்காடு ஏறுபவர்களுக்கு: முதுகுத் தண்ணீர்ப் பை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கோடையில் சைக்கிள் மிதிப்பவரா? குழாய் வைத்த தண்ணீர்ப் பையை முந்தைய இரவே பாதி நிரப்பி, படுக்கைவாட்டில் ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் மீதியை ஊற்றினால் போதும், 20 கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டும்வரை ஜில்லென்று இருக்கும். ஒவ்வொரு முறை குடித்ததும் குழாயில் லேசாக ஊதி, அதில் நிற்கும் தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாய் வெந்நீர்தான்.

குளுக்கோஸ், எலுமிச்சைச் சாறு எதுவும் இதில் வேண்டாம், தனி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு தங்கிய குழாயில் பூஞ்சை பிடித்தால் எடுப்பது பெரிய தொல்லை.

வீடு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்து, குழாய் வழியாகவும் ஓடவிட்டு அலசுங்கள். அப்புறம் உட்புறம் ஒட்டாமலிருக்க ஒரு மரக்கரண்டியைச் செருகி நிழலில் தொங்கவிடுங்கள். சோம்பலாக இருந்தால், அலசிய பையைத் தண்ணீர் வடித்து ஃப்ரீசரிலேயே போட்டுவிடலாம்; பூஞ்சை வளராது.