வேதாகமத்தில் நல்வாழ்வு: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூத, கிறிஸ்தவ வேதநூல்கள் மனிதர் செழித்து வாழ்வதைப் பற்றிப் பேசும் பகுதிகளை வாசிப்போர் அடிக்கடி செய்யும் பிழை, ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சொல்லப்பட்டதைத் தனி ஒருவரின் முன்னேற்றத்துக்கான உறுதிமொழியாக எடுத்துக்கொள்வதுதான்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் இடம்பெறும் எரேமியா 29:11 இதற்குத் தெளிவான சான்று. கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நெபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்ற மக்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி அது. நன்மைக்கான நினைவுகளைக் கடவுள் கொண்டிருக்கிறார் என்று கூறும் அந்த வசனத்துக்கு முந்தைய வசனத்திலேயே, விடுதலைக்கு 70 ஆண்டுகள் ஆகும் என்று சொல்லப்பட்டுவிடுகிறது. அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப்போவதில்லை. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவித்த அனனியாவைப் பொய்யுரைத்தவன் என எரேமியா கண்டித்ததை 28-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. விரைவான வெற்றியை மறுத்து எழுதப்பட்ட கடிதத்தையே விரைவான வெற்றிக்கு ஆதாரமாகக் காட்டுவது விந்தைதான். அந்தக் கடிதம் கேட்பதோ வேறு: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்துவையுங்கள், சிறைபிடித்தவர்களின் நகரத்தினுடைய சமாதானத்துக்காகவே மன்றாடுங்கள், அதன் நலனில்தான் உங்கள் நலனும் இருக்கிறது.

இதையொட்டிய இன்னொரு தவறு, ஆசீர்வாதத்தைக் கணக்கு வழக்காகப் பார்ப்பது. உபாகமம் 28 வாக்களிக்கும் மழையும் விளைச்சலும் இஸ்ரவேல் என்னும் தேசத்துக்கு உரியவை. அவற்றைத் தலைகீழாகத் திருப்பி, நோயுற்றவர் பாவம் செய்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினால், பெருந்துன்பத்தில் இருந்த யோபுவிடம் அது அவருடைய பாவத்தின் விளைவே என்று வாதிட்ட நண்பர்கள் நின்ற இடத்தில் நாமும் நிற்போம். அந்த நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கடிந்துகொள்வதாக அந்நூல் (42:7) கூறுகிறது.

பழைய ஏற்பாடு இவ்வுலக நலனையும் புதிய ஏற்பாடு மறுவுலக நலனையும் பேசுகின்றன என்ற எளிய பிரிவினையும் நிலைக்காது. பெற்றோரை மதிப்பவருக்கும், குஞ்சுகளை எடுக்கும்போது தாய்ப்பறவையைப் பறக்கவிடுபவருக்கும் உபாகமம் நீண்ட ஆயுளை வாக்களிக்கிறது. தந்தையின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து உயரத்தில் ஏறி, தாய்ப்பறவையைப் பறக்கவிட்டுக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு இறங்கும்போது விழுந்து இறந்த ஒருவனைப் பற்றித் யூத ரபிகளின் (மறைநூல் அறிஞர்களின்) விவாதத் தொகுப்பான தால்முத் (கித்துஷீன் 39ஆ) விவாதிக்கிறது. அந்த ஆயுள் வரவிருக்கும் உலகத்தைக் குறிக்கிறது என்பது ரபி யாக்கோபின் விடை. மறுவுலகச் சிந்தனையைக் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதாக்கி, யூத மரபு அதை அறியாதது போல எழுதுவது அறியாமை. மறுபுறம், மத்தேயு ‘ஆவியில் எளிமையுள்ளவர்கள்’ என்று சொல்லும் இடத்தில் லூக்கா நேரடியாகத் தரித்திரரையும் இப்பொழுது பசித்திருப்பவர்களையும் பாக்கியவான்கள் என்கிறார். ஐசுவரியவான்களுக்கு ஐயோ என்றும் சேர்த்துச் சொல்கிறார். லூக்காவின் இந்தச் சொற்களை விட்டுவிட்டு மத்தேயுவின் மலைப்பிரசங்கத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது பலருக்கு வசதியாக இருக்கிறது.

என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்னும் பிலிப்பியர் 4:13-ஐத் தேர்வு வெற்றிக்கான வசனமாக்குவதும் இவ்வகையே. சிறையிலிருந்து எழுதிய பவுல் அங்கே பேசுவது பட்டினியையும் நிறைவையும் ஒருபோலத் தாங்கக் கற்றதைப் பற்றி.

நேர் எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு: வறுமையைப் புனிதமாக்கிவிட்டு, அதைப் போக்கும் கடமையிலிருந்து விலகிக்கொள்வது. லேவியராகமம் 25 விற்கப்பட்ட நிலத்தை ஐம்பதாம் ஆண்டான யூபிலியில் பழைய குடும்பத்துக்கே திருப்பித் தரச் சொல்கிறது; வறுமை ஒரு வீட்டில் தலைமுறைகளாக வேரூன்றிவிடாதபடிக்கு வகுக்கப்பட்ட ஏற்பாடு அது. ‘தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்’ என்ற இயேசுவின் சொற்களை உதவாமைக்குச் சாக்காகக் கூறுவோர், அச்சொற்கள் எதிரொலிக்கும் உபாகமம் 15:11-ஐ முழுவதும் வாசிக்க வேண்டும். தேசத்தில் எளியவர்கள் இல்லாமற் போவதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாகத் திற என்பதே அவ்வசனத்தின் கட்டளை.