வீட்டை விற்கத் தரகரிடம் போகும் முன்

தரகரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, "என் வீடு எவ்வளவுக்குப் போகும்?" என்பதல்ல, "அந்த விலையை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்பதுதான். மூவரையாவது வரவழைத்துக் கேளுங்கள். அதே அளவு, அதே வயதுள்ள வீடுகள் அண்மையில் விற்று முடிந்த விலையைக் காட்டுபவர் வேலை தெரிந்தவர். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை மட்டுமே. எல்லோரையும்விட அதிகம் சொல்பவர்மீது எனக்குச் சந்தேகம்தான். விற்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டு, சில வாரங்களில் "சந்தை மந்தம், குறையுங்கள்" என்று தொடங்குவது பழைய வித்தை.

கமிஷன் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். சதவீதத்தோடு நிற்க வேண்டாம். எப்போது தர வேண்டும்? வாங்குபவர் பாதியில் பின்வாங்கினால்? உங்கள் உறவினரே வாங்கிக்கொண்டால்? ஒரே தரகருக்கு உரிமை தருவதானால் முடிவுத் தேதி கட்டாயம் வேண்டும். அதன் பிறகும், அவர் அழைத்து வந்தவர் வாங்கினால் கமிஷன் உண்டு என்ற விதி கடைசிப் பக்கத்தில் பதுங்கியிருக்கலாம். இருந்தால், அந்த ஆட்களின் பெயர்ப் பட்டியலை ஒப்பந்தம் முடியும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

உங்கள் அடிமட்ட விலையைத் தரகரிடம் சொல்லவே சொல்லாதீர்கள், அவசரத்தையும்தான். விலையில் 100 குறைந்தால், 2 சதவீதக் கமிஷன் வாங்கும் தரகருக்கு நட்டம் 2. மீதி 98 உங்கள் நட்டம். இரு பக்கமும் கமிஷன் வாங்குகிறாரா என்றும் நேராகவே கேளுங்கள்.

கூரை ஒழுகல் போன்ற குறைகளை மட்டும் அவரிடம் மறைக்க வேண்டாம். வாங்குபவரே கண்டுபிடித்தால் பேரம் அங்கேயே முறியும்.