மாடல் ஹெலிகாப்டரில் விளக்கு எரிய வேண்டுமா? உடலை ஒட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூலூர் விமானப்படைத் தளத்தின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் சில நாள் சாயங்காலம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து திரும்பும். முதலில் சத்தம்தான் வரும். அப்புறம் பனைமரத் தலைகளுக்கு மேலே வெளிச்சப் புள்ளிகள். சிவப்பு நம் வலக்கைப் பக்கமும் பச்சை இடக்கைப் பக்கமும் தெரிந்தால் நம்மை நோக்கி வருகிறது. இரண்டும் மறைந்து ஒற்றை வெள்ளை மட்டும் தெரிந்தால் போய்க்கொண்டிருக்கிறது. இதை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கி, அந்த விளக்குகளோடு மேஜைமேல் நிறுத்துவது எனக்குப் பல வருடமாகப் பிடித்த வேலை.

கிட் பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி பெயிண்ட் அடித்தால் ஹெலிகாப்டர் வந்துவிடும். கைப்பிடி, குழாய், வைப்பர், வின்ச் (ஆளைக் கயிற்றில் தூக்கும் கருவி) போன்றவற்றை நாமே செய்து சேர்த்து, விளக்கும் எரிய வைக்க வேண்டும் என்று இறங்கும்போதுதான் தவறுகள் வரிசையாக வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடியும்: உடலின் இரண்டு பாதிகளையும் அவசரப்பட்டு ஒட்டிவிடுவது. ஒட்டிய பிறகு உள்ளே விரல் நுழையாது. எந்த ஒயர் எந்த வழியாகப் போகிறது, எங்கே வெளியே வருகிறது, எந்தப் பாகம் கண்ணாடி வழியே தெரியும் என்பதெல்லாம் அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் எதையும் கடைசியில் பார்க்க முடியாது.

எந்த ஹெலிகாப்டர் என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

‘எம்ஐ-17’ என்பது ஒரே உருவத்தின் பெயர் இல்லை. பழைய எம்ஐ-8-ல் வால் விசிறி வலப்பக்கம் இருக்கும், எம்ஐ-17-ல் இடப்பக்கம். நம் விமானப்படை ஓட்டும் எம்ஐ-17வி5-க்கு மூக்கு டால்பின் மாதிரி நீண்டிருக்கும். பின்பக்கம் பழைய இரட்டைக் கதவுக்குப் பதிலாக ஒரு சாய்தளம் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பத்துப் படங்களைப் பார்த்து, ஒன்றிலிருந்து தூசி வடிகட்டியும் இன்னொன்றிலிருந்து ஆன்டெனாவும் எடுத்துச் சேர்த்தால் எந்த நாட்டிலும் பறக்காத ஒன்று வந்து நிற்கும். ஒரே இயந்திரத்தின் படங்களை, ஒரே காலத்தில் எடுத்ததாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில படங்கள் இடவலமாகத் திரும்பியிருக்கும். அதில் ஏமாறாமல் இருக்க வழி உண்டு: எம்ஐ-17-ன் மீட்பு வின்ச் இடப்பக்கத்து முன்கதவுக்கு மேலேதான் இருக்கும். படத்தில் அது ஹெலிகாப்டரின் வலப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

விசிறி இறக்கைகளும் கவனிக்க வேண்டியவை. எம்ஐ-17-ன் ஐந்து இறக்கைகள் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். ஆகவே தடித்த விளிம்பு சுற்றும் திசையில் முன்னால் வருகிறதா என்பதை ஒட்டும் முன் பார்க்க வேண்டும். நிற்கும்போது அவை தென்னை மட்டை போல நுனியில் லேசாகத் தொங்கும். விசிறியின் முழு விட்டம் 21.29 மீட்டர். நம் அளவில் கிட்டத்தட்ட 29.6 சென்டிமீட்டர் வருகிறது, அதனால் இந்தத் தொய்வு தெளிவாகக் கண்ணில் படும். வெந்நீரில் சில விநாடி காட்டி மெல்ல வளைத்தால் போதும்.

தடிமன்: இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டும்

கையால் செய்யும் பாகங்களில் நான் பார்க்கும் முதல் குறை நேர்த்தி இல்லாதது இல்லை. எல்லாமே தடியாக இருப்பதுதான். கணக்கு எளிது. 1 மில்லிமீட்டர் கம்பியை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 7 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த குழாய். அதைக் கைப்பிடி என்று கதவருகே ஒட்டினால் எந்த வீரனின் கையாலும் பற்ற முடியாது. 170 சென்டிமீட்டர் உயர மனிதன் இந்த அளவில் 23.6 மில்லிமீட்டர்தான். அவன் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டிய கம்பி எவ்வளவு சன்னமாக இருக்க வேண்டும்?

எனக்கு இதற்கு நல்ல வழி காட்டியது பொள்ளாச்சி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர். சீலிங் ஃபேனில் கழற்றிய பழைய செம்புக் கம்பி கேட்டுப் போனேன். “இத்தனை சன்னக் கம்பியில என்ன தம்பி கட்டப் போறீங்க?” என்றார். “கட்டறதுக்கு இல்லீங்கண்ணா, பொம்மை ஹெலிகாப்டருக்குக் கைப்பிடி வைக்க” என்றேன். ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. 36 கேஜ் கம்பி 0.19 மில்லிமீட்டர். பெருக்கினால் 14 மில்லிமீட்டர் சுமார். உண்மையான கைப்பிடிக்கு நம்பும்படியான தடிமன் அது.

அந்தக் கைப்பிடியை இப்படிச் செய்யலாம். கம்பியின் ஒரு நுனியைக் குறட்டில் பிடித்து, மறுநுனியை இன்னொரு குறட்டால் சற்றே இழுங்கள். சுருக்கமெல்லாம் போய் நூல் போல நேராகும். ஒரு பழைய ஏடிஎம் கார்டிலிருந்து 6 மில்லிமீட்டர் அகலப் பட்டை வெட்டி, கம்பியை அதன் விளிம்பில் இரண்டு பக்கமும் மடக்கினால் கதவருகே இருக்கும் எல்லாக் கைப்பிடியும் ஒரே நீளத்தில் வரும். உடலில் 0.3 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, கால்களை உள்ளே விட்டு, உள்பக்கத்திலிருந்து ஒரு துளி பசை வைக்க வேண்டும். வெளியே பசை வைத்தால் அடியில் கட்டி நிற்கும், பெயிண்ட் அடித்தபின் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். உள்பக்கத்திலிருந்து வைக்க வேண்டுமென்றால் உடல் திறந்திருக்க வேண்டும், கவனியுங்கள்.

மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றழுத்தக் குழாய்க்கு இன்சுலின் ஊசி பொருத்தமானது. 31 கேஜ் ஊசி கால் மில்லிமீட்டர்தான், உள்ளே துளையும் இருக்கும். புது ஊசியாகவே எடுங்கள், கூர்முனையை வெட்டி மழுக்கிவிடுங்கள்.

பிளாஸ்டிக் தகடு விஷயத்தில் ஒரு ஏமாற்றம் அடிக்கடி நடக்கிறது. தண்ணீர் பாட்டிலை வெட்டித் தகடாக்கி, மாடல் சிமெண்ட் என்ற மாடல் ஒட்டும் பசையைப் போட்டு ஒட்டினால் காலையில் கழன்று கிடக்கும். அந்த சிமெண்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைக்கும், பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்ட தயிர் கப், ஐஸ்கிரீம் கப் இருந்தால் எடுத்து வையுங்கள். அதுதான் பாலிஸ்டைரீன்.

இதே கணக்கு விளக்குக்கும் பொருந்தும். கடையில் முதலில் கையில் தருவது 3 மில்லிமீட்டர் எல்இடி. 72 மடங்கு ஆக்கினால் 21.6 சென்டிமீட்டர், ஒரு சின்ன சாப்பாட்டுத் தட்டு அளவு விளக்கு. 0603 அளவு எல்இடி என்று கேட்டு வாங்குங்கள், அது 1.6-க்கு 0.8 மில்லிமீட்டர். கண்ணும் கையும் பழகிவிட்டால் 1-க்கு 0.5 மில்லிமீட்டர் உள்ள 0402-க்குப் போகலாம். அதற்கும் இடமில்லாத வால் நுனிக்கு அரை மில்லிமீட்டர் ஒளியிழை, அதாவது வெளிச்சத்தைக் கடத்தும் பிளாஸ்டிக் இழை, இருக்கிறது. இழையின் நுனியைச் சூடான சால்டரிங் அயர்னுக்கு அருகே காட்டினால், தொடாமலே, குடை போல விரிந்து விளக்குக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இழையைச் சட்டென்று ஒடித்து மடக்காதீர்கள், வளைவில் வெளிச்சம் போய்விடும்.

மின்சாரத்தில் நடப்பவை

சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் இணையாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் (மின்தடை) போடுவதுதான் இங்கே பெரிய தவறு. சிவப்பு மட்டும் பளிச்சென்று எரியும், மற்றவை செத்துக் கிடக்கும். எல்இடி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும், வெள்ளைக்கும் இந்த வகைப் பச்சைக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். ஒரே மடையில் இரண்டு வயலுக்குத் தண்ணீர் விட்டால் பள்ளத்து வயலுக்குத்தான் போகும், மேட்டு வயல் காயும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி மடை, அதாவது தனி ரெசிஸ்டர் வேண்டும்.

5 வோல்ட் மொபைல் சார்ஜரை வைத்துக் கணக்குப் போடுவோம். 5-ல் சிவப்பின் 2 போக மீதி 3 வோல்ட். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 3 மில்லி ஆம்பியர் ஓடும். வெள்ளைக்கு மீதி 2 வோல்ட், 2 மில்லி ஆம்பியர். இந்தச் சின்ன எல்இடிகளுக்கு இதுவே தாராளம். எல்லாவற்றுக்கும் 1 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமும் இல்லை. இன்னும் கூசினால் 2.2 கிலோ ஓம் போடுங்கள். ரெசிஸ்டர்களை உடலுக்குள் புதைக்காமல் அடிப்பலகையில் வைத்தால் பிறகு வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கும்.

சார்ஜருக்குப் பதில் பவர் பேங்க் வைத்தால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். இவ்வளவு குறைந்த மின்சாரம் போவதை, எதுவும் இணைக்கவில்லை என்று பல பவர் பேங்க்குகள் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். பட்டன் செல்லை உடலுக்குள் வைத்து ஒட்டுவது அதைவிட மோசம். செல் தீர்ந்தால் மாற்ற முடியாது, கசிந்தால் உள்ளே அரித்துவிடும். மின்சாரம் பலகையிலிருந்து வரட்டும். மெல்லிய பித்தளைக் குழாயைச் சக்கரக் காலுக்குள் செருகி, ஒரு காலை பாசிட்டிவ்வாகவும் இன்னொன்றை நெகட்டிவ்வாகவும் வைத்தால் வெளியே ஒயரே தெரியாது. மூக்குக்குள் ஈயக் குண்டு வைக்க மறக்காதீர்கள். எம்ஐ-17 முன்சக்கரத்தில் நிற்பது, வால் நீளம். எடை இல்லாவிட்டால் பின்னால் சாய்ந்துவிடும். இதுவும் ஒட்டும் முன் செய்ய வேண்டியதே.

செம்புக் கம்பிமேல் எனாமல் பூச்சு இருக்கும். நுனியைப் பிளேடால் சுரண்டாமல் சால்டர் வைத்தால் ஒட்டியது போலத் தெரியும், மின்சாரம் போகாது. சால்டர் வேலை முழுக்க வெளியே, ஒரு மரத்துண்டின் மேல் முடிய வேண்டும். பாலிஸ்டைரீன் 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், சால்டர் உருகவே 180-க்கு மேல் வேண்டும்.

மூன்று வருடம் முன்பு வால் விளக்கின் இரண்டு ஒயர்களை உள்ளே தளர்வாக விட்டு உடலை மூடினேன். மூடும் முன் எரிந்தது. மறுநாள் எரியவில்லை. இரண்டு பாதிகளின் விளிம்பில் ஒயர் சிக்கி, எனாமல் உரிந்து, ஷார்ட் ஆகியிருந்தது. முதுகு இணைப்பை மெல்லிய ரம்பத்தால் அறுத்துத்தான் சரிசெய்ய முடிந்தது, வரி வரியாகப் போட்டிருந்த ரிவெட் குறிகள் அதில் போயின. அன்றிலிருந்து ஒவ்வொரு ஒயரையும் அலுமினியம் டேப்பால் சுவரோடு ஒட்டிவிடுகிறேன். ஆனால் டேப்பும் மின்சாரம் கடத்தும், சுரண்டிய நுனி அதில் படக்கூடாது. பாதிகளை ரப்பர் பேண்டால் இறுக்கி, ஒரு இரவு முழுக்க விளக்கு எரிய விட்டு, காலையில் பார்த்த பிறகே சிமெண்டைத் தொடுகிறேன்.

வெளிச்சம் போகக்கூடாத இடங்கள்

கிட்டின் பிளாஸ்டிக் வெளிச்சத்தை விடும். உள்ளே எல்இடி எரிந்தால் உடல் முழுக்கக் காகித விளக்கு போலச் சிவந்து தெரியும். உள்சுவருக்கு முதலில் கறுப்பு, அதன்மேல் உள்நிறம். இரண்டு கை கறுப்பு அடித்து, விளக்கைப் போட்டு, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். இணைப்பு விளிம்புகளில் கட்டாயம் கசியும்.

கண்ணாடிப் பாகங்களை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி படிந்து வெள்ளையாகப் பனித்துவிடும், ஆடி மாத ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். ஒளியிழையும் அதில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இரண்டுக்கும் ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் எங்களுக்கு வேறு தொல்லை: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட கீழ்க்காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டில் போடும். அந்த மாதங்களில் விடிகாலையில் அடிக்கிறேன்.

விமானி அறைக்குள் பளீர் வெள்ளை வேண்டாம். இரவில் வெளியே பார்க்க வேண்டிய கண்களுக்காக அங்கே வெளிச்சம் மங்கலாக, சிவப்பாகவோ நீலப்பச்சையாகவோதான் இருக்கும். வெள்ளை போட்டால் பேக்கரி ஷோகேஸ் மாதிரி ஆகிவிடும்.

மினுக்க வேண்டியதும் நிலையாக எரிய வேண்டியதும்

பக்கவாட்டுச் சிவப்பும் பச்சையும் மினுக்காமல் எரிய வேண்டும். மினுக்குவது வால்தண்டின் மேலுள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கு. அமெரிக்க விதி அதற்கு நிமிடத்துக்கு 40 முதல் 100 தடவை என்று எல்லை வைத்திருக்கிறது. தானாக மினுக்கும் எல்இடிகள் பல இதைவிடப் படபடப்பானவை, திருவிழா சீரியல் லைட் போலத் தெரியும். மினுக்கும் வேகத்தை அமைக்க 555 என்ற டைமர் ஐசி ஒன்று, 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வைத்தால் நிமிடத்துக்கு 63 தடவை வாக்கில் வரும். மேலே பார்த்த ஹெலிகாப்டரின் நிதானம் அதில் கிடைக்கிறது.

கடைசியாக, கோணம். இடச் சிவப்பும் வலப் பச்சையும் நேர் முன்னாலிருந்து பக்கவாட்டில் ஆளுக்கு 110 டிகிரி வரை மட்டும் தெரிய வேண்டும், மீதி 140 டிகிரி வாலின் வெள்ளைக்கு. எல்இடியை வெறுமனே ஒட்டினால் எல்லாப் பக்கமும் தெரியும், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு மூன்று நிறமும் ஒன்றாகக் கிடைக்கும். விளக்கின் பின்பாதியில் பல் குத்தும் குச்சியால் ஒரு துளி கறுப்பு வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு மூக்குப் பக்கம் நின்று, ஹெலிகாப்டரின் இடப்பக்கமாக மேஜையைச் சுற்றி மெல்ல நடந்து பாருங்கள். நேர் பக்கவாட்டைத் தாண்டிச் சற்றே பின்னால் போனதும் சிவப்பு மறைய வேண்டும், அதே இடத்தில் வாலின் வெள்ளை தெரியத் தொடங்க வேண்டும். சிவப்பு இன்னும் தெரிந்தால் இன்னொரு துளி.