ரெண்டு பி.ஏ. ஒரே நேரத்தில்: எதை ரெகுலரில் படிக்கலாம், எதை கரஸ்ஸில் போடலாம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சேலத்துப் பிரௌசிங் சென்டர்களில் அடிக்கடி காதில் விழும் வழக்கு இது: "எனக்கு ஹிஸ்டரிதான்ண்ணா பிடிக்கும். எக்கனாமிக்ஸ் எடுத்தாத்தான் வேலைங்கிறாரு மாமா." இரண்டையும் படிக்கலாம். 2022 ஏப்ரலில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிப்படி, ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கத் தடையில்லை. இரண்டும் நேரடி வகுப்பாக இருந்தால் வகுப்பு நேரம் மோதக் கூடாது. ஒன்று ரெகுலர், மற்றொன்று தொலைநிலைக் கல்வி (அஞ்சல்வழி, பேச்சில் 'கரஸ்') என்றால் அந்தச் சிக்கலும் கிடையாது.

ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கலையும் பொருளாதாரமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் ஒரே சேர்க்கையில் கிடைக்கும். நம் பக்கம் இரண்டையும் நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சேர்க்கை, இரண்டு கட்டணம், இரண்டு தேர்வு அட்டவணை.

படி 1: எது எங்கே என்று முடிவெடுங்கள்

மற்ற படிகளை விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். என் கட்சி: பொருளாதாரம் ரெகுலரில், வரலாறோ தமிழோ அஞ்சல்வழியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிடித்த பாடத்துக்குக் கல்லூரி, "வேலைக்கான" பாடத்துக்கு கரஸ் என்று பிரித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் தாளில் அரியர் வைக்கிறார்கள்.

காரணத்தை மரவள்ளியை வைத்தே சொல்கிறேன். ஆத்தூர், தலைவாசல் பக்கம் கிழங்கு போடுகிறவர்களுக்குத் தெரியும்: ஜவ்வரிசி ஆலையில் எடை மட்டும் பார்க்க மாட்டார்கள், மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள். ஒரு வருடம் நல்ல விலை போனால் அடுத்த பருவத்தில் ஊரே மரவள்ளி நடும். கிழங்கு வெட்டுக்கு வர ஏறக்குறைய பத்து மாதம் ஆகும். எல்லார் கிழங்கும் ஒரே சமயத்தில் ஆலை வாசலுக்கு வரும்போது விலை சரியும். நொந்துபோய்ப் பலர் பயிரை மாற்றினால், அதற்கடுத்த வருடம் வரத்து குறைந்து விலை ஏறும். பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்தி வலைத் தேற்றம் என்று பெயர். கதையாகக் கேட்டால் சுலபம். படம் போடச் சொன்னால்தான் கஷ்டம். தேவைக் கோட்டிலிருந்து அளிப்புக் கோட்டுக்கு எந்தத் திசையில் போவது, எந்தச் சரிவு இருந்தால் வலை உள்ளே சுருங்கும், எது இருந்தால் வெளியே விரியும் என்பதைப் போர்டில் ஒருவர் போட்டுக்காட்ட, நீங்கள் தப்பாகப் போட்டதை அவர் திருத்த வேண்டும். அச்சிட்ட பாடப்புத்தகம் திருத்தாது.

அதே ஜவ்வரிசியின் வரலாற்றுப் பக்கம் வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து தடைப்பட்டபோது இங்கே தொழில் வேர்விட்டது. ஆலைக்காரர்கள் கூடி 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபிச் செடி கொண்டுவந்த கதையும் இதே வகைதான். இதையெல்லாம் ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிக்கொண்டேகூடப் படிக்கலாம் (தலை சுற்றாதவர்களுக்கு மட்டும்).

ரெகுலருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவந்த பிள்ளைகளுக்கான புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடையாது.

படி 2: ரெகுலர் சீட்டை முதலில் பிடியுங்கள்

அரசுக் கலைக் கல்லூரி என்றால் அரசின் சேர்க்கைத் தளமான டிஎன்காசாவில் (TNGASA) விண்ணப்பம். பி.ஏ. பொருளியலுக்கு பிளஸ் டூவில் பொருளியல் படித்திருந்தால் நல்லது. அறிவியல் குரூப்பிலிருந்து வருகிறவர்கள் மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தை (நுண்ணினம்) முதலிலும், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை (பேரினம்) அடுத்தும் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். முதல் செமஸ்டர் பாதி அதிலேயே இருக்கும்.

படி 3: கல்லூரியில் கேளுங்கள்

யுஜிசி விதி கதவைத் திறந்திருக்கிறது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் விட்டிருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அலுவலக நடைமுறை கொஞ்சம் மாறலாம். "சார், ரெகுலர்ல சேர்ந்திருக்கேன், கூடவே கரஸ்ல ஒரு பி.ஏ. பண்ணலாம்னு இருக்கேன். லெட்டர் ஏதும் தரணுங்களா?" என்று கேட்டால் போதும். கடிதம் கேட்டால் எழுதிக் கொடுத்து, அதன் ஜெராக்ஸில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அஞ்சல்வழிச் சேர்க்கை

தமிழில் தேர்வு எழுத விரும்பினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஆங்கிலம் சரளமென்றால் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்). எதுவானாலும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று யுஜிசி தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் "ஒரே வருஷத்தில் டிகிரி" என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களில் பணம் கட்ட வேண்டாம்.

இப்போது தொலைநிலைப் படிப்பில் சேர டெப் ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) கட்டாயம். அதற்குமுன் ஏபிசி ஐடி (உங்கள் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் ஆன்லைன் கணக்கு எண்) வேண்டும். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருந்தால் ஒரு மணி நேர வேலை. இல்லையென்றால் முதலில் இ-சேவை மையம். ஒரிஜினல் டிசி கல்லூரியிடம் போய்விடும், அதனால் கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

படி 5: கணக்குப் போடுங்கள்

இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஒரு செமஸ்டருக்கு 20 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம். ஆறு மாதத்தில் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 23 மணி நேரம். கல்லூரி, பஸ், இன்டர்னல், அசைன்மென்ட் எல்லாம் போக இது பலருக்கு நடக்காது. நடக்கவும் வேண்டியதில்லை. மூன்றாண்டு பி.ஏ.வை முடிக்க இக்னோவில் ஆறு ஆண்டுவரை அவகாசம் உண்டு. முதல் வருடம் பாதித் தாள்களை மட்டும் எழுதுங்கள். மீதியை எம்.ஏ. படிக்கும்போதுகூட முடிக்கலாம்.

எம்.ஏ. என்றதும் ஒன்று: இந்தியப் பொருளாதாரப் பணிக்கான ஐ.இ.எஸ். தேர்வு எழுதப் பொருளியலில் முதுகலை வேண்டும். பி.ஏ. மட்டும் போதாது. ஆசிரியர் வேலை இலக்கு என்றால் இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடமா என்று பார்ப்பார்கள். ஒரே காலத்தில் வாங்கிய இரண்டு பட்டங்களை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அப்போதைய டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிக்கையில் வரிவரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 6: தேர்வு மோதினால்

கல்லூரி செமஸ்டர் தேர்வு நவம்பர்–டிசம்பரிலும் ஏப்ரல்–மே மாதத்திலும் வரும். இக்னோ தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஆகவே உரசல் டிசம்பரில்தான். அஞ்சல்வழியில் பெரிய தாள்களை ஜூனுக்குத் தள்ளுங்கள், டிசம்பருக்கு ஒன்றிரண்டு போதும். அப்படியும் ஒரே நாளில் இரண்டு விழுந்தால் கல்லூரித் தேர்வுக்கே போங்கள். அஞ்சல்வழித் தாளை அடுத்த முறை கட்டணம் கட்டி எழுதிக்கொள்ளலாம். அசைன்மென்ட்டை மட்டும் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்கான மதிப்பெண் அடுத்த தேர்வுக்கும் அப்படியே நிற்கும்.